தேன் பாட்டிலில் 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது, அழற்சி தணிக்கும்' என்று போடலாமா?

குமரித்தேனீ:
வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருக்கிறோம், அப்பா காலத்துத் தொழில். இதுவரை டின்னில் ஊற்றி மொத்த வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன விலையை வாங்கி வந்தோம். இந்தப் பருவம் சொந்தமாகப் பாட்டிலில் அடைக்கிறோம். லேபிள் போட்டுக் கொடுத்த பையன் முன்பக்கத்திலேயே 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது, உடல் அழற்சியைத் தணிக்கும்' என்று பெரிய எழுத்தில் வைத்துவிட்டான். எல்லாரும் போடுவதுதானே என்கிறான். தேன் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் வாங்குகிறவர் 'எப்படி?' என்று கேட்டால் முழிக்கக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சைக்கடை:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. இதெல்லாம் நிரூபிக்கப்பட்ட விஷயம். குவெர்செடின், கேம்ஃபெரால், க்ரைசின், காஃபிக் அமிலம், கேலிக் அமிலம் எல்லாம் தேனில் இருக்கின்றன. இவை செல்களைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்குபவை. இவற்றுக்குப் பொதுப் பெயர் பாலிபீனால். தேன் எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாலிபீனால். என் கடைக்கு வருகிற பாதிப் பேர் இந்த வார்த்தையைத் தேடித்தான் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறார்கள். போடாவிட்டால் உங்கள் பாட்டில் அலமாரியிலேயே கிடக்கும்.

சோதனைக்குழாய்:
உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கருத்து, போட வேண்டாம்.

மேலே சொன்ன பொருள்கள் தேனில் இருப்பது உண்மை. கறுத்த தேனில் பொதுவாக அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அந்த 'ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு' எப்படி வருகிறது தெரியுமா? டிபிபிஹெச் என்று ஒரு பொருள். மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த கத்தரிப்பூ நிறம் வரும். அதில் தேன் கரைசலை விட்டுக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்தால் நிறம் வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று கருவியில் பார்த்தால் ஓர் எண் கிடைக்கும். அந்தக் கண்ணாடிக் குழாயில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. பாலிபீனாலை அளக்கும் ஃபோலின் முறையில் இன்னொரு சிக்கல். அந்த வினைபொருள் சர்க்கரையோடும் வினை புரியும். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதானே. அதைக் கழிக்காமல் கணக்கிட்டால் எண் வீங்கித்தான் வரும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தேனைச் சூடாக்கினாலோ நெடுநாள் வைத்திருந்தாலோ கறுக்கும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து மெலனாய்டின் என்ற பழுப்புப் பொருள்கள் உண்டாகின்றன. அவையும் டிபிபிஹெச்சை வெளுக்க வைக்கும். அதாவது காய்ச்சிக் கறுத்த தேனுக்குப் புதுத் தேனைவிட நல்ல 'ஆன்டிஆக்ஸிடன்ட்' மதிப்பெண் கிடைக்கலாம். அதே தேனில் ஹெச்எம்எஃப் என்ற, சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் பொருளின் அளவும் ஏறியிருக்கும், தரக் கட்டுப்பாட்டில் அதைத் தள்ளிவிடுவோம்.

அமெரிக்க வேளாண் துறை உணவுப் பொருள்களின் ஓராக் மதிப்புகளைப் பட்டியலாக வெளியிட்டு வந்தது. அதுவும் இதே வகைக் குழாய் எண்தான். 2012இல் அந்தப் பட்டியலையே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த எண்களுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, விளம்பரக்காரர்கள்தான் பயன்படுத்துகிறார்கள் என்று காரணமும் சொன்னார்கள்.

பச்சைக்கடை:
குழாயை விடுங்கள் சார், மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்களே! கலிஃபோர்னியாவில் 2003இல் வெளியான ஆய்வு. ஒரு கூட்டத்துக்குச் சோளச் சிரப், இன்னொரு கூட்டத்துக்குப் பக்வீட் என்ற தானியச் செடியின் பூத்தேன். தேன் சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் ஃபீனால் அளவும் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனும் ஏறியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சோதனைக்குழாய்:
நல்ல ஆய்வுதான். எவ்வளவு தேன் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒன்றரை கிராம்.

கணக்குப்பிள்ளை:
இதற்காகத்தான் காத்திருந்தேன். 60 கிலோ ஆளுக்கு 90 கிராம். டீஸ்பூன் தேன் ஏழு கிராம் என்று வைத்தால் பன்னிரண்டு பதிமூன்று ஸ்பூன், கிட்டத்தட்ட 270 கலோரி. காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கிற ஒரு ஸ்பூனுக்கும் இதற்கும் என்னங்க சம்பந்தம்?

இன்னொரு கணக்கு. தேனில் பாலிபீனால் 100 கிராமுக்கு 50 மில்லிகிராம் என்றே வையுங்கள், பல தேன்களுக்கு இது தாராளமான கணக்கு. ஒரு ஸ்பூனில் மூன்றரை மில்லிகிராம். நான் காலையில் குடிக்கிற ஒரு டம்ளர் காபியில் அது நூறு மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். யாராவது காபித்தூள் பாக்கெட்டில் 'அழற்சி தணிக்கும்' என்று போடுகிறார்களா? சர்க்கரை நோய் வந்த பிறகு, 'தேன்தானே, ஒன்றும் செய்யாது' என்று உறவுக்கூட்டம் என் வாயில் ஊற்றிய தேனுக்கு அளவே இல்லை. மாத்திரை கூடியதுதான் மிச்சம். அந்தக் கடுப்பில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மங்கை_சித்தா:
அண்ணா, உங்கள் உறவினர்கள் செய்தது தப்பு. அதற்குத் தேனைத் தண்டிக்க வேண்டாம்.

நான் சித்த மருத்துவர். இங்கே எல்லாரும் தேனை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. தேன் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் சர்க்கரைக்குப் பதிலாகச் சாப்பிடுகிறார். அப்படியானால் கேட்க வேண்டியது, 'தேன் மருந்தா?' என்றா, 'சர்க்கரையைவிடப் பரவாயில்லையா?' என்றா? டொராண்டோ பல்கலைக்கழகக் குழு 2022இல் 18 சோதனைகளை, ஆயிரத்து நூறு பேருக்கு மேல், ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. நாளுக்குச் சராசரியாக 40 கிராம் தேன், எட்டு வாரம். வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது, கெட்ட கொழுப்பு குறைந்தது, நல்ல கொழுப்பு கூடியது. காய்ச்சாத தேனுக்கும் ஒரே வகைப் பூவிலிருந்து வந்த சில தேன்களுக்கும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. வெள்ளைச் சர்க்கரையைப் பற்றி இப்படி ஒரு வரி எழுத முடியுமா?

எங்கள் மரபில் தேன் பெரும்பாலும் அனுபானம். திரிகடுகு சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்போம். மருந்து சுக்கும் மிளகும் திப்பிலியும். தேன் அதைத் தொண்டையில் தங்க வைத்து உள்ளே கொண்டுபோகிறது. தேனே எல்லா அழற்சியையும் அணைத்துவிடும் என்று எந்தச் சித்த வைத்தியர் உங்களிடம் சொன்னார்? அது பாட்டில் விற்கிறவர்கள் பேச்சு.

சோதனைக்குழாய்:
டாக்டர், அதே டொராண்டோ தொகுப்பில் அடுத்த வரியையும் படித்திருப்பீர்கள். இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா இரண்டும் கூடின. இரண்டுமே அழற்சியைக் காட்டும் அளவீடுகள். லேபிளில் நிற்கிற வாக்கியம் 'அழற்சி தணிக்கும்'. கையில் இருக்கிற மிகப் பெரிய தொகுப்பு எதிர்ப்பக்கம் காட்டும்போது அதை எப்படி அச்சடிப்பது?

மங்கை_சித்தா:
படித்தேன் சார். அவற்றை அளந்த சோதனைகள் எத்தனை என்றும் பார்த்தேன், மிகக் குறைவு. பெரும்பாலான முடிவுகளுக்கு உறுதி குறைவு என்று அந்தக் குழுவே சொல்கிறது. சர்க்கரை குறைந்தது என்றால் 'ஆதாரம் பலவீனம்' என்பீர்கள். இன்டர்லூகின் ஏறியது என்றால் அது மட்டும் எப்படி வலுவான ஆதாரமாகிறது?

சோதனைக்குழாய்:
ஆதாரம் பலவீனம் என்றால் இரண்டு பக்கமும் பலவீனம்தான். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போதும் 'தணிக்கும்' என்று எழுத முடியாது. எழுதுகிறவன்தான் நிரூபிக்க வேண்டும்.

சர்க்கரையைவிட மேலா என்றும் கேட்டீர்கள். 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 55 பேருக்குத் தேன், சாதாரணச் சர்க்கரை, சோளச் சிரப் மூன்றையும் மாற்றி மாற்றி இரண்டிரண்டு வாரம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் நாளுக்கு 50 கிராம் மாவுச்சத்துக் கணக்கு. மூன்றிலும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறியது. மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டியும் தேனை, நாம் உணவில் சேர்க்கிற சர்க்கரையோடு 'ஃப்ரீ சுகர்' கணக்கில்தான் சேர்க்கிறது. மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள், முடிந்தால் ஐந்துக்குள்.

இரவுப்பணி:
தீக்காய வார்டில் வேலை பார்த்த நர்ஸ் நான். நீங்கள் எல்லாரும் தேனைக் குடித்துக்கொண்டே பேசுகிறீர்கள். தேன் நன்றாக வேலை செய்யும் இடங்களை ஒருவரும் தொடவில்லை.

முதலில் இருமல். பென்சில்வேனியாவில் 2007இல் 105 பிள்ளைகளுக்குப் படுக்கப்போகும் முன் ஒருவேளை பக்வீட் தேன் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கொடுக்காத பிள்ளைகளைவிட இருமல் குறைந்து தூக்கம் நன்றாக இருந்தது. இஸ்ரேலில் 2012இல் 300 குழந்தைகளிடம் மூன்று வகைத் தேனையும் பேரீச்சைச் சாற்றையும் ஒப்பிட்டார்கள், தேன்தான் முந்தியது. மருத்துவர்களுக்கு வழிகாட்டி வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாடிக் எழுதும் முன் தேனைச் சொல்லுங்கள் என்று வழிகாட்டியில் சேர்த்தது.

அடுத்தது காயம். 1991இல் சோலாப்பூரில் டாக்டர் சுப்ரமணியம் 104 தீக்காய நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தார். பாதிப் பேருக்குத் தேன் கட்டு, மற்றவர்களுக்கு வழக்கமான வெள்ளி சல்ஃபாடயசின் மருந்து. தேன் கட்டியவர்களில் 91 சதவீதம் பேருக்கு ஏழு நாளில் புண்ணில் கிருமி இல்லை. பின்னால் 2015இல் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தது. மேலோட்டமான தீக்காயம் வழக்கமான கட்டைவிட நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகிறது என்று எழுதியது.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் சுட்டுக்கொண்டால் சமையலறைத் தேனை ஊற்றாதீர்கள். முதலில் குழாய்த் தண்ணீர், இருபது நிமிஷம். மருத்துவத் தேன் காமாக் கதிரில் கிருமி நீக்கி வருவது, அது வேறு சரக்கு.

பச்சைக்கடை:
அப்புறம் என்ன? அழற்சி குறைந்துதானே புண் ஆறுகிறது? ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை செய்கிறது என்று சிஸ்டரே சொல்லிவிட்டார்கள்.

இரவுப்பணி:
நான் அப்படிச் சொல்லவில்லையே அண்ணா!

சோதனைக்குழாய்:
இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். புண்ணில் தேன் எப்படி வேலை செய்கிறது? சர்க்கரைச் செறிவு கிருமியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். அமிலத்தன்மை கூடுதல், பிஹெச் நான்குக்குப் பக்கத்தில். மூன்றாவது, தேனீ தன் சுரப்பியிலிருந்து சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. முற்றிய தேனில் அது தூங்கிக்கொண்டிருக்கும். புண்ணின் நீர் பட்டுத் தேன் இளகியதும் விழித்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடை மெல்ல மெல்ல உண்டாக்கும். பழைய ஆய்வாளர்கள் 'இன்ஹிபின்' என்று பெயர் வைத்த மர்மப் பொருள் இந்தப் பெராக்சைடுதான் என்று ஜொனாதன் வைட் குழு 1963இல் காட்டியது.

பெராக்சைடு ஓர் ஆக்சிஜனேற்றி, ஆன்டிஆக்ஸிடன்டுக்கு நேர் எதிர்ச் சாதி. தேனின் மிகச் சிறந்த மருத்துவ வேலையில் பெரும்பங்கு செய்வதே ஓர் ஆக்ஸிடன்ட், நாம் லேபிளில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எழுதப் பார்க்கிறோம்! விலை உயர்ந்த நியூசிலாந்து மனுகா தேனிலும் முக்கிய ஆயுதம் மெத்தில்கிளையாக்சால். அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட் கிடையாது.

மங்கை_சித்தா:
ரசித்தேன் சார். ஆனால் கொஞ்சம் அவசரப்படுகிறீர்கள். புண்ணில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும், சரி. அதிகமானால் நம் திசுவையும் சுடுமே, அப்படிச் சுடாமல் ஆறுவது ஏன்? கூடவே இருக்கிற ஃபீனால்கள் சேதத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே துளியில் இருப்பதில் என்ன முரண்?

சோதனைக்குழாய்:
முரண் இல்லை. பெராக்சைடு மிகக் குறைந்த அளவில் மெதுவாக வருவதால் திசு தப்பிக்கிறது என்றும் விளக்கலாம். எந்த விளக்கம் சரியாக இருந்தாலும் அது புண்ணுக்குள் நடப்பது. வாய் வழியாக ஒரு ஸ்பூன் குடிப்பவருக்கு அதை வைத்து வாக்குக் கொடுக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
சிஸ்டர், அந்த 2007 பென்சில்வேனியா ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கத் தேன் வாரியம். அதையும் போட்டுவிடுங்கள்.

இரவுப்பணி:
போட்டாச்சு அண்ணா. இஸ்ரேல் ஆய்விலும் அங்குள்ள தேன் வாரியத்தின் பங்கு உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருமல் மருந்து ஆய்வுக்கு மருந்துக் கம்பெனி பணம் கொடுப்பதில்லையா? இரண்டு வயதுப் பிள்ளைக்கு ராத்திரி இருமல் வந்தால் சிரப் பாட்டிலைவிடத் தேன் ஸ்பூனைத்தான் நான் எடுப்பேன். தொண்டையில் பூசிக்கொண்டு எரிச்சலை அடக்குகிறது, அதற்கு ஆன்டிஆக்ஸிடன்ட் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு வயதுக்குள் மட்டும் கூடவே கூடாது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தேனில் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கினால் தசையெல்லாம் தளர்ந்து மூச்சு வரைக்கும் போகும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. குமரித்தேனீ தம்பி, லேபிளில் பெரிய எழுத்து வேண்டுமென்றால் இதற்குக் கொடுங்கள்.

குமரித்தேனீ:
அதைக் கண்டிப்பாகப் போடுகிறேன் அக்கா.

மற்றதெல்லாம் படிக்கப் படிக்க எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது, மறைக்கவில்லை. நீங்கள் எல்லாரும் பக்வீட், மனுகா என்று பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் தேன் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ரப்பர் மரம் மார்கழி, தை வாக்கில் இலையெல்லாம் கொட்டிவிட்டுப் புதுத் தளிர் விடும். ஒரு காம்பில் மூன்று இலை. மூன்றும் சேரும் முனையில் சின்னச் சின்னப் புடைப்பு, அதில் கண்ணாடி மாதிரி ஒரு துளி கசிந்து நிற்கும். ஈ அதைத்தான் உறிஞ்சும், பூவுக்கே போகாது. பங்குனி வரைக்கும் தேன் அறை நிறைந்துகொண்டே இருக்கும். அந்தத் தேன் வெளிர் நிறம், சீக்கிரம் உறைந்து வெள்ளையாகும். உறைந்ததும் 'சர்க்கரை கலந்துட்டியா?' என்று கேட்பார்கள். பச்சைக்கடை அண்ணன் கணக்குப்படி கறுத்தால்தான் சத்து என்றால் எங்கள் தேன் கடைசி பெஞ்சுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் வந்து புழு அறையில் புழுக்கள் பை பையாகச் செத்தன. பெட்டி பெட்டியாகக் காலி. அப்பா மறுபடி கூட்டம் பிடித்துப் பெருக்கினார். இப்போது மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, ஆனாலும் டின் விலை வியாபாரி சொல்வதுதான். அரிசிச் சிரப் ஊற்றுகிறவன் பாட்டிலில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று எழுதி விற்கிறான். உண்மையான தேன் வைத்திருக்கிற நான் மட்டும் எழுதக் கூடாதா?

சோதனைக்குழாய்:
கோபம் நியாயம் தம்பி. 2020 டிசம்பரில் டெல்லியின் சிஎஸ்இ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்து வெளியிட்டது. என்எம்ஆர் சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை மூன்றே. தேறாதவர்கள் மறுத்தார்கள், அது தனிக்கதை. ஆனால் அந்த என்எம்ஆர் தேடுவது கலப்படச் சர்க்கரையின் அடையாளத்தை. ஆன்டிஆக்ஸிடன்ட் எண்ணை வைத்து மட்டும் கலப்படக்காரனைப் பிடிக்க முடியாது. சிரப்பைக் காய்ச்சிக் கறுக்க வைத்தாலே அந்த எண் ஏறுமே! அவன் எளிதாகப் போலி செய்யக்கூடிய ஒரு வார்த்தையை வைத்து அவனோடு ஏன் போட்டி போடுகிறீர்கள்? ரப்பர் தளிர்த் துளியைப் பற்றி இப்போது எழுதினீர்களே, அதை அவனால் எழுத முடியாது.

பச்சைக்கடை:
கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்கு வருகிறவர் நின்று படிக்கிற நேரம் மூன்று நொடி. நான் இன்னும் என் பேச்சில்தான் நிற்கிறேன். சத்து இருக்கிறது, இருப்பதைச் சொல்வதில் என்ன பொய்?

கணக்குப்பிள்ளை:
மூன்றரை மில்லிகிராம் இருக்கிறது என்று போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே நல்லது என்ற நம்பிக்கையும் அவ்வளவு பத்திரமானதில்லை. ஃபின்லாந்தில் புகைப்பவர்கள் 29,000 பேரிடம் நடத்திய சோதனையில் பீட்டா கரோட்டீன் மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. 1994இல் வெளிவந்த முடிவு. ஸ்பூன் தேன் அப்படிச் செய்யாது, பயப்பட வேண்டாம். அந்த வார்த்தையைக் கண்டதும் கும்பிடுவதை மட்டும் நிறுத்தலாம்.

மங்கை_சித்தா:
மாத்திரைக் கதையை உணவுக்கு இழுக்காதீர்கள் அண்ணா. செறிவூட்டிய ஒற்றைப் பொருள் வேறு, தேனில் கலந்திருப்பது வேறு.

லேபிள் விஷயத்தில் மட்டும் நான் சோதனைக்குழாய் சார் பக்கம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர விதிகளும் ஆதாரமில்லாத உடல்நல வாக்குறுதிக்கு இடம் கொடுப்பதில்லை. சாப்பாட்டு விஷயத்தில் இல்லை. சர்க்கரைக்குப் பதில் தேன் கேட்டு வருகிற ஆரோக்கியமான ஆளை நான் தடுக்க மாட்டேன்.

சோதனைக்குழாய்:
தடுக்க வேண்டாம் டாக்டர், அளவை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

தம்பி, ஒன்று கேட்க வேண்டும். ஈரப்பதம் பார்த்தீர்களா? அடையில் முக்கால் பங்காவது மெழுகு மூடிய பிறகுதான் எடுக்கிறீர்களா?

குமரித்தேனீ:
பெட்டிக்குள் அடை கட்டும் மரச்சட்டத்தில் சில சட்டம் மூடியிருக்கும், சிலது மூடாமலும் எடுப்போம் சார். காத்திருந்தால் மழை வந்துவிடும், அப்புறம் ஈயே குடித்துத் தீர்த்துவிடும். போன வாரம் ஈரம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது 22 சதவீதம் காட்டியது.

சோதனைக்குழாய்:
விதிப்படி 20க்கு மேல் போகக் கூடாது. 22 என்றால் பாட்டிலில் புளிக்கும், மூடி திறக்கும்போது நுரை தள்ளும். மூடின சட்டத்தையும் மூடாததையும் தனித்தனியாக எடுங்கள். மூடாத தேனை ஈரம் குறையாமல் அடைக்காதீர்கள். சூடு காட்டுவதானால் நேரடி அடுப்பு வேண்டாம், வெந்நீர்த் தொட்டியில் பாத்திரத்தை வைத்து அறுபது டிகிரியைத் தாண்டாமல் கொஞ்ச நேரம், பிறகு உடனே ஆற்றிவிடுங்கள்.

பச்சைக்கடை:
சூடு காட்டினால் கொஞ்சம் கறுக்கும், எண்ணும் ஏறுமாமே சார், நீங்கள் சொன்னதுதான்!

குமரித்தேனீ:
அண்ணே, நீங்க சும்மா இருங்க. சார், வெந்நீர்த் தொட்டிக்கு எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும்? ஒரு தடவைக்கு எத்தனை கிலோ தேன் வைக்கலாம்?